மத்தேயு, மாற்கு, லூக்கா: யாரைப் பார்த்து யார் எழுதினார்கள்?

வைகைக்கரை (சனி, இரவு 9.15)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். இந்த வாரம் படுக்கையில் கிடந்த திமிர்வாதக்காரனை (முடக்குவாதக்காரனை) இயேசு எழுப்பும் கதை. மத்தேயு 9, மாற்கு 2, லூக்கா 5 என்று மூன்று நற்செய்திகளிலும் வருகிறதே என்று, ஒரே தாளில் மூன்று பத்தியாக எழுதிக்கொண்டோம். ஒரே மாதிரி வரும் சொற்களுக்குக் கலர் பென்சிலால் அடிக்கோடு போட்டுக்கொண்டே வந்தோம்.

ஓர் இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டோம். இயேசு வேதபாரகரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். “பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டென்பதை நீங்கள் அறியவேண்டும்” என்கிறார். உடனே கதை சொல்பவர் குறுக்கே வந்து, இப்போது அவர் திமிர்வாதக்காரனை நோக்கிப் பேசுகிறார் என்று சொல்கிறார். அப்புறம் “எழுந்திரு”. இந்தக் குறுக்கீடு மூன்று புத்தகத்திலும் அதே இடத்தில், ஏறத்தாழ அதே சொற்களில் இருக்கிறது.

இயேசு சொன்னதை மூன்று பேர் ஒரே மாதிரி நினைவில் வைத்திருந்தார்கள் என்றால் எனக்குப் புரிகிறது. ஆனால் கதை சொல்பவரின் குறுக்கீடு எப்படி ஒத்துப்போகும்? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களா? அப்படியென்றால் முதலில் எழுதியவர் யார்? ஒரு சபையில் இதைக் கேட்டபோது “இதையெல்லாம் தோண்டாதே” என்று மட்டும் பதில் வந்தது. இங்கே தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோரம் (சனி, இரவு 10.02)

சகோதரரே, ஆவியானவர் ஒருவர்தானே மூன்று பேரையும் ஏவினார்? ஒரே வாய் சொன்னால் ஒரே சொல் வருவதில் என்ன ஆச்சரியம்?

மறைக்கல்வி டீச்சர் (சனி, இரவு 10.30)

கடலோரம் தம்பி, ஏவுதலை நானும் நம்புகிறேன். ஆனால் ஒரே மாதிரி இருப்பதற்கு ஏவுதல் காரணம் என்றால், வேறுபடும் இடங்களுக்கு என்ன காரணம் சொல்வது? மத்தேயுவில் யோசேப்பின் தந்தை யாக்கோபு, லூக்காவில் ஏலி. மத்தேயுவில் ஞானிகள் வருகிறார்கள், லூக்காவில் இடையர்கள். மாற்கில் பிறப்புக் கதையே கிடையாது. யோவான் நற்செய்தியும் அதே ஆவியின் ஏவுதல்தான், அங்கே சொல்லுக்குச் சொல் இப்படி ஒத்துப்போவதில்லையே.

லூக்கா தன் முதல் நான்கு வசனங்களில் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். அவருக்கு முன்பே பலர் எழுத முயன்றிருக்கிறார்கள். அவர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து விசாரித்து, ஒழுங்காகத் தெயோபிலுக்கு எழுதுகிறார். தனக்கு முன்னால் பலர் எழுதப் புகுந்தார்கள் என்று அவரே சொல்லும்போது நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

எங்கள் பக்கத்தில் இந்த மூன்றையும் ஒத்தமை நற்செய்திகள் என்போம். அருகருகே வைத்து ஒரே பார்வையில் பார்க்கக்கூடியவை என்பதால் வந்த பெயர். நீங்கள் கலர் பென்சிலால் செய்ததை கிரீஸ்பாக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1770களில் அச்சுப் புத்தகமாகவே செய்தார், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு.

கொய்னே (ஞாயிறு, காலை 7.10)

இந்த இழையைப் பார்த்ததும் ரொம்ப மகிழ்ச்சி. இறையியல் கல்லூரியில் மூன்று வருடம் கிரேக்கம் படித்தேன், அதில் பாதி நாள் இந்த ஒரு கேள்வியோடுதான் போனது.

வைகைக்கரை பிடித்த இடம் சரியான இடம். தமிழில் அந்த வாக்கியம் சீராகத் தெரிகிறது. கிரேக்கத்தில் அது ஒடிந்து நிற்கும். “நீங்கள் அறியும்படிக்கு” என்று தொடங்கிய வாக்கியம் முடியாமல் தொங்க, கதை சொல்பவர் நுழைகிறார். இப்படி ஒடிந்த வாக்கியத்தை மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தில் ஒடிக்க வாய்ப்பே இல்லை.

இன்னொன்று பாருங்கள். மாற்கு 13:14, மத்தேயு 24:15. பாழாக்குகிற அருவருப்பைப் பற்றிய பேச்சின் நடுவே “வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்” என்று வருகிறது. ஒலிவ மலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது பொருந்தாது. கையில் ஏட்டை வைத்திருப்பவருக்கு எழுதியவர் சொல்லும் வார்த்தை இது. இரண்டு புத்தகத்திலும் அதே இடத்தில் இருக்கிறது.

அப்புறம் மொழி. இயேசு பேசியது அரமேயம், மூன்று புத்தகமும் கிரேக்கம். ஒரு தமிழ்ச் சொற்பொழிவை இரண்டு பேர் தனித்தனியாக இந்தியில் எழுதினால் கருத்து ஒத்துப்போகும், வாக்கியம் ஒத்துப்போகாது. யோவான்ஸ்நானனின் “விரியன் பாம்புக்குட்டிகளே” பிரசங்கத்தை எடுங்கள். மத்தேயு 3:7-10, லூக்கா 3:7-9. கிரேக்கத்தில் 60 சொற்களுக்கு மேல், வரிசை உட்பட ஒன்றாகவே இருக்கிறது. வேறுபாடு விரல்விட்டு எண்ணுமளவுதான்: ஒருவர் “கனி” என்று ஒருமையில் சொல்வதை மற்றவர் பன்மையில் சொல்கிறார், ஒருவர் “நினையாதிருங்கள்” என்றால் மற்றவர் “தொடங்காதிருங்கள்” என்கிறார். எழுத்தில் தொடர்பு இருந்தே ஆகவேண்டும்.

யார் முதலில்? நான் மாற்கு என்று சொல்வேன். மதியம் விரிவாக எழுதுகிறேன்.

பழையசுவடி (ஞாயிறு, காலை 9.45)

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் பழைய நூல்களின் பாடபேதங்களோடு காலம் கழித்தவன் என்பதால் இந்தப் பேச்சில் ஆர்வம் வருகிறது. ஒரு கேள்வி. சிறிய நூல் முந்தியது, பெரிய நூல் பிந்தியது என்று எப்படி முடிவுசெய்கிறீர்கள்? பெரிய நூலை ஒருவர் சுருக்கியும் எழுதியிருக்கலாமே.

கொய்னே (ஞாயிறு, மதியம் 2.20)

ஐயா, நீங்கள் கேட்டதைத்தான் அகுஸ்தீன் கி.பி. 400 வாக்கில் சொன்னார். மத்தேயுதான் முதலில், மாற்கு அவரைப் பின்தொடர்ந்து சுருக்கியவர் என்று. சபையும் பல நூற்றாண்டுகள் அப்படித்தான் நம்பியது. புதிய ஏற்பாட்டில் மத்தேயு முதலில் நிற்பதும் அந்த நம்பிக்கைக்கு ஏற்றபடிதான். டீச்சர் சொன்ன கிரீஸ்பாக் இன்னொரு படி போய், மாற்கு மத்தேயுவையும் லூக்காவையும் வைத்துக்கொண்டு கடைசியில் எழுதினார் என்றார். 1964-இல் வில்லியம் ஃபார்மர் அதே கருத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார். ஆக, இது யாரோ சும்மா சொன்ன கருத்து இல்லை.

ஆனால் சுருக்குகிறவர் என்ன செய்வார்? கதைகளைக் குறுக்குவார். மாற்கு செய்திருப்பது நேர்மாறு. கதரேனர் நாட்டுப் பிசாசு பிடித்தவனின் கதை மாற்கில் 20 வசனம், மத்தேயுவில் 7. யவீருவின் மகளும் பெரும்பாடுள்ள பெண்ணும் வரும் பகுதி மாற்கில் 23 வசனம், மத்தேயுவில் 9. ஐயாயிரம் பேர் உட்கார்ந்த புல் பசும்புல் என்பதுகூட மாற்கில்தான் இருக்கிறது. ஒருவர் மலைப்பிரசங்கத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் கன்னிப் பிறப்பையும் விட்டுவிட்டு, மிச்சமான இடத்தில் புல்லின் நிறத்தைச் சேர்த்துச் சுருக்கினார் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை.

அடுத்து, மாற்கின் கிரேக்கம் கரடுமுரடானது. உடனே, உடனே என்று 40 தடவைக்கு மேல் எழுதுகிறார். திமிர்வாதக்காரனின் படுக்கைக்கு அவர் போடும் சொல் கிரபத்தோஸ், ஏழைகள் விரிக்கும் எளிய படுக்கை. மத்தேயுவும் லூக்காவும் அதை மாற்றிக் கொஞ்சம் மரியாதையான சொல்லைப் போடுகிறார்கள். “தலீத்தாகூமி” என்ற அரமேயச் சொல்லை மாற்கு வைத்திருக்கிறார், மற்ற இருவரும் எடுத்துவிட்டார்கள். திருத்துகிறவர் கரடுமுரடைச் சீராக்குவார். நன்றாக இருந்ததை எடுத்து யாராவது மோசமாக்குவார்களா?

கருத்திலும் அப்படியே. நாசரேத்தூரில் இயேசு அற்புதம் “செய்யக்கூடாமல்” போனார் என்று மாற்கு எழுதுகிறார். மத்தேயு அநேக அற்புதங்களைச் “செய்யவில்லை” என்கிறார். புயலில் படகு ஆடும்போது மாற்கின் சீஷர்கள் கேட்பது: “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?” எவ்வளவு கோபம் அதில்! மத்தேயுவில் அது “ஆண்டவரே, எங்களை இரட்சியும்” என்று ஜெபமாக மாறிவிட்டது. மருத்துவர்களிடம் எல்லாப் பணத்தையும் செலவழித்த பெண்ணுக்கு நோய் அதிகமாகிவிட்டது என்று மாற்கு எழுதினார். லூக்கா அந்த “அதிகமானது” என்பதை விட்டுவிட்டார். லூக்கா வைத்தியர் என்று பாரம்பரியம் சொல்கிறது, அதனால்தானா என்று தெரியாது, ஆனால் எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

வைகைக்கரை (ஞாயிறு, மதியம் 3.05)

படகு வசனத்தை மூன்று பத்தியிலும் இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் வாசித்தும் கவனிக்கவில்லை. “உமக்குக் கவலையில்லையா” என்று கேட்டவர்கள்தான் உண்மையாகவே மூழ்கிக்கொண்டிருந்தவர்கள் என்று படுகிறது.

தேரிக்காடு (ஞாயிறு, மாலை 5.40)

கொய்னே அண்ணன் சொன்னதோடு ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

மாற்கு 6-இல் ஏரோது அந்திப்பாவை “ராஜா” என்று எழுதுகிறார். அது சரியான பட்டம் இல்லை. அவன் காற்பங்கு தேசாதிபதி. மத்தேயுவுக்கு அது தெரியும், அதனால் 14:1-இல் “காற்பங்கு தேசாதிபதி” என்று சரியாகத் திருத்தி ஆரம்பிக்கிறார். ஆனால் 14:9 வந்ததும் “ராஜா துக்கமடைந்தான்” என்று விழுந்துவிடுகிறார். ஏன் துக்கம்? அதே மத்தேயு 14:5-இல் ஏரோதே யோவான்ஸ்நானனைக் கொல்ல மனதாயிருந்தான் என்று எழுதியிருக்கிறாரே! மாற்கில் கொல்ல நினைத்தவள் அவன் மனைவி ஏரோதியாள், ஏரோதோ யோவானுக்குப் பயந்து அவரைக் காத்துவந்தவன். அதனால் மாற்கில் துக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மத்தேயு தொடக்கத்தில் மாற்றினார், போகப்போக முன்னால் இருந்த ஏட்டின் ஓட்டம் அவரை இழுத்துவிட்டது.

மார்க் குட்ஏக்கர் என்ற அறிஞர் 1998-இல் இந்த மாதிரி இடங்களைத் தொகுத்து “எழுதுபவரின் களைப்பு” என்று பெயர் வைத்தார். நீண்ட பிரதியைப் பார்த்து எழுதிய யாருக்கும் இது புரியும். நடுராத்திரியில் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு மனிதர் எழுதிக்கொண்டிருப்பது கண்முன் வருகிறது எனக்கு.

பழையசுவடி (ஞாயிறு, மாலை 6.15)

தேரிக்காடு காட்டியது மிக வலுவான சான்று. திருத்தத்தைத் தொடக்கத்தில் செய்து பின்னால் மறப்பது ஏடெழுதுவோரிடம் நானே கண்டது. இதற்கு எதிர்த்திசையில் விளக்கம் சொல்ல முடியாது. மாற்கு முந்தியது என்பதை ஏற்கிறேன்.

கடலோரம் (ஞாயிறு, இரவு 8.50)

நான் முதலில் எழுதியதை விட்டுவிடவில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் மரியாதையோடு பேசுவதால் கேட்கிறேன். மத்தேயு பன்னிரண்டு பேரில் ஒருவர். கூடவே நடந்தவர். மாற்கு கூட இருந்தவர் இல்லை. கண்ணால் கண்டவர் காணாதவரைப் பார்த்து ஏன் எழுத வேண்டும்?

கொய்னே (ஞாயிறு, இரவு 9.30)

தம்பி, சரியான கேள்வி. ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவரை இயேசு அழைக்கும் இடம்: மாற்கில் அவர் அல்பேயுவின் குமாரன் லேவி, மத்தேயு 9:9-இல் அவர் பெயர் மத்தேயு. தன் வாழ்க்கையையே திருப்பிப்போட்ட அந்த நாளைக்கூட மாற்கின் வாக்கியத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறது அந்தப் புத்தகம். அதனால் நம்மிடம் இருக்கும் கிரேக்க மத்தேயுவை அப்போஸ்தலன் நேரடியாக எழுதவில்லை என்று பெரும்பாலான அறிஞர்கள் முடிவுக்கு வந்தார்கள். புத்தகத்துக்குள் எங்குமே எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பாப்பியா என்ற எராப்போலி ஊர்ப் பேராயர் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சில வரிகளைச் சபை வரலாறு எழுதிய யூசேபியு காப்பாற்றி வைத்திருக்கிறார். மாற்கு பேதுருவின் மொழிபெயர்ப்பாளர், நினைவிலிருந்ததைச் சரியாக எழுதினார், ஆனால் வரிசையாக அல்ல என்கிறார் பாப்பியா. மத்தேயு எபிரெய மொழியில் கர்த்தரின் வாக்குகளைத் தொகுத்தார் என்றும் சொல்கிறார். மாற்குக்குப் பின்னால் பேதுருவின் குரல் இருந்தால், கண்ணால் கண்டவரின் சாட்சி அங்கே இருக்கத்தானே செய்கிறது?

மறைக்கல்வி டீச்சர் (திங்கள், காலை 6.20)

கடலோரம் தம்பியின் தயக்கம் எனக்குப் புதிதல்ல. 1911, 1912-இல் வத்திக்கானின் விவிலிய ஆணையம் மத்தேயுவே முந்தியது என்ற பாரம்பரியத்தை வலியுறுத்தி, இரு மூலக் கோட்பாட்டை (மாற்கும் ஒரு போதனைத் தொகுப்பும் மற்ற இருவருக்கும் மூலம் என்பதை) கத்தோலிக்கர் ஏற்றுப் பரப்பலாகாது என்று பதில் தந்தது. 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸின் சுற்றுமடல் வந்த பிறகுதான் எங்கள் அறிஞர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. இன்று எங்கள் மறைக்கல்வி வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமே மாற்கு முந்தியது என்று சொல்கிறேன், யாருடைய விசுவாசமும் ஆடவில்லை.

வைகைக்கரை (திங்கள், இரவு 8.00)

சரி, மாற்கை மற்ற இருவரும் பார்த்தார்கள். ஆனால் “விரியன் பாம்புக்குட்டிகளே” மாற்கில் இல்லையே! மாற்கில் இல்லாமல் மத்தேயுவும் லூக்காவும் ஒத்துப்போவது எப்படி?

கொய்னே (திங்கள், இரவு 9.10)

அங்கேதான் உண்மையான சண்டை தொடங்குகிறது. மாற்கு 660 வசனத்துக்குச் சற்று மேல். ஸ்ட்ரீட்டர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1924-இல் போட்ட கணக்கின்படி அதன் பொருளில் பத்தில் ஒன்பது பங்கு மத்தேயுவில் இருக்கிறது, லூக்காவில் பாதிக்குச் சற்று அதிகம். அது போக, மாற்கில் இல்லாத ஏறத்தாழ 230 வசனங்கள் மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொது. பெரும்பாலும் இயேசுவின் போதனைகள்: பாக்கியவசனங்கள், கர்த்தருடைய ஜெபம், காணாமற்போன ஆடு, உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்.

1838-இல் வைஸே என்ற ஜெர்மானிய அறிஞர் சொன்னார்: இருவர் கையிலும் மாற்கு தவிர இன்னொரு ஏடும் இருந்தது, போதனைகளின் தொகுப்பு. ஜெர்மன் மொழியில் மூலத்துக்குரிய சொல் குவெல்லே, அதன் முதல் எழுத்தை வைத்துப் பின்னால் அதற்குக் கியூ என்று பெயர் வந்தது. 1863-இல் ஹோல்ட்ஸ்மான் இதை நன்றாக நிலைநாட்டினார். இன்றும் பெரும்பான்மை இதுதான்.

தேரிக்காடு (திங்கள், இரவு 9.45)

அண்ணா, இங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். கியூவின் ஒரு துண்டுகூட இதுவரை கிடைத்ததில்லை. சபைப் பிதாக்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. லூக்கா மத்தேயுவையும் பார்த்தார் என்று வைத்தால் கியூ எதற்கு? ஆஸ்டின் ஃபேரர் என்ற அறிஞர் 1955-இல் இதைத்தான் கேட்டார்.

ஒரே ஒரு இடம். இயேசுவை அடிக்கும் காட்சி. மாற்கு 14:65-இல் முகத்தை மூடி, அடித்து, “தீர்க்கதரிசனம் சொல்” என்கிறார்கள், அவ்வளவுதான். மத்தேயுவிலும் லூக்காவிலும் கூடவே “உன்னை அடித்தவன் யார்?” என்ற கேள்வி வருகிறது. கிரேக்கத்தில் ஐந்து சொல், இரண்டிலும் அதே ஐந்து. கியூ போதனைத் தொகுப்பு என்கிறீர்கள், அதில் பாடுகளின் கதை, அதாவது இயேசு துன்பப்பட்டு இறக்கும் கதை, கிடையாது என்கிறீர்கள். அப்படியானால் இந்த ஐந்து சொல் எங்கிருந்து வந்தது? மத்தேயுவைப் பார்த்து லூக்கா எழுதினார் என்பதுதான் நேரான பதில்.

கொய்னே (திங்கள், இரவு 10.40)

அது கடினமான இடம், ஒப்புக்கொள்கிறேன். மத்தேயுவில் அந்தச் சொற்கள் பின்னால் பிரதி எடுத்தவர்கள் சேர்த்தது என்றார் ஸ்ட்ரீட்டர். ஆனால் அவை இல்லாத மத்தேயு கைப்பிரதி எதையும் காட்ட முடியவில்லை. அந்தப் பதிலில் எனக்கும் திருப்தி இல்லை.

இப்போது என் பக்கம். லூக்கா கையில் மத்தேயு இருந்தால், மலைப்பிரசங்கம் என்ற அவ்வளவு அழகான கட்டடத்தைப் பிரித்து, கல்லைக் கல்லாகத் தன் 6, 11, 12, 13, 14, 16ஆம் அதிகாரங்களில் ஏன் போட்டார்? ஞானிகளை ஏன் விட்டார்? இந்த அந்நிய தேசத்தார் வரும் கதை லூக்காவுக்குப் பிடித்தமானதாக அல்லவா இருந்திருக்கும்? இன்னொன்று: சில இடங்களில் மத்தேயுவின் வடிவம் பழையதாகத் தெரிகிறது, சில இடங்களில் லூக்காவின் வடிவம். மத்தேயு “ஆவியில் எளிமையுள்ளவர்கள்” என்கிறார், லூக்கா “தரித்திரராகிய நீங்கள்” என்று நேராகச் சொல்கிறார். பேய் துரத்துவது மத்தேயுவில் “தேவனுடைய ஆவியினாலே”, லூக்காவில் “தேவனுடைய விரலினாலே”. ஆவியைப் பற்றி எழுதுவதில் லூக்காவுக்கு எவ்வளவு விருப்பம்! அவர் ஏன் ஆவியை எடுத்துவிட்டு விரலைப் போடுவார்?

துண்டு கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் போதனைகளை மட்டும் தொகுத்த புத்தகம் என்ற வகையே இல்லை என்று முன்பு சொன்னார்கள். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் தோமா நற்செய்தி முழுதாகக் கிடைத்தது, 114 வாக்குகள், கதை ஏறத்தாழ இல்லை. அது கியூ இல்லை. ஆனால் அந்த வகை இருந்தது என்று தெரிந்துவிட்டது.

தேரிக்காடு (திங்கள், இரவு 11.05)

தரித்திரர் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மரியாளின் பாட்டிலிருந்து லாசரு வரைக்கும் ஏழைகள் பக்கம் நிற்பவர் லூக்கா. “ஆவியில்” என்பதை வெட்டியெறிய அவருக்கு எல்லாக் காரணமும் உண்டு. விரலுக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. யாத்திராகமத்தில் மந்திரவாதிகள் “இது தேவனுடைய விரல்” என்று சொல்வதை நினைத்து எழுதியிருக்கலாம்.

பழையசுவடி (செவ்வாய், காலை 8.30)

வாய்மொழியை யாரும் எடுக்கவில்லையே? எங்கள் ஊரில் கூத்துக் கலைஞர்கள் பக்கம் பக்கமாக மனப்பாடமாகச் சொல்வார்கள்.

கொய்னே (செவ்வாய், காலை 9.00)

ஐயா, அதைச் சொன்னவர்களும் உண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஹெர்டர் சொன்னார். ஒத்துப்போதல் தளர்வாக இருக்கும் இடங்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் “வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்” வாய்மொழியில் வராதே.

மறைக்கல்வி டீச்சர் (செவ்வாய், மாலை 4.15)

வைகைக்கரை, உங்கள் குழுவுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீங்கள் பழைய திருப்புதலை (பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பை) மட்டும் வைத்து நிறம் போட்டால் சில இடங்களில் ஏமாந்துபோவீர்கள்.

லூக்கா 11-இல் ஆண்டவர் கற்பித்த செபத்தை எடுங்கள். பழைய திருப்புதலில் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று மத்தேயுவில் இருப்பதுபோலவே இருக்கும். 1995-இல் வந்த எங்கள் திருவிவிலியத்தில் அதே இடம் “தந்தையே” என்று ஒற்றைச் சொல்லில் தொடங்கும். “உமது சித்தம் செய்யப்படுவதாக” என்ற வேண்டுதலே அங்கே இல்லை. பல வருடம் முன்பு ஒரு வீட்டுச் செபக்கூட்டத்தில் என் அருகில் இருந்த சிஎஸ்ஐ அக்கா தன் வேதத்தைப் பார்த்துச் சொல்ல, நான் என்னுடையதைப் பார்த்துச் சொல்ல, இருவரும் வெவ்வேறு இடத்தில் நின்றோம். அன்றுதான் எனக்கு இந்தத் தேடல் தொடங்கியது.

காரணம் இதுதான். பவர் ஐயர் தலைமையில் 19ஆம் நூற்றாண்டில் உருவான திருப்புதலுக்கு அடிப்படை, எராஸ்மஸ் 1516-இல் அச்சிட்ட மூலத்தின் வழிவந்த கிரேக்கம். அதில் பிற்காலப் பிரதியாளர்கள் லூக்காவை மத்தேயுவோடு ஒத்துப்போகும்படி நிரப்பியிருந்தார்கள். மத்தேயுவின் செபம் எல்லோருக்கும் மனப்பாடம், லூக்காவில் குறைவாக இருந்தால் கை தானாகவே நிரப்பிவிடும். வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் நான்காம் நூற்றாண்டுப் பிரதியோ குறுகிய வடிவத்தைக் காட்டுகிறது.

மத்தேயு 19:17-ம் அப்படித்தான். பணக்காரனிடம் மாற்கின் இயேசு “நீ என்னை நல்லவன் என்று சொல்வானேன்” என்கிறார். பழைய திருப்புதலில் மத்தேயுவிலும் அதேதான். திருவிவிலியத்தில் மத்தேயு: “நன்மையைப் பற்றி என்னை ஏன் கேட்கிறீர்?” மத்தேயு செய்த அந்த நுட்பமான மாற்றம் பழைய திருப்புதலில் தெரியவே தெரியாது.

பழையசுவடி (செவ்வாய், மாலை 6.00)

அம்மா, அருமை. ஆக, ஒத்துப்போகச் செய்யும் கைகள் இரண்டு தலைமுறையில் வேலை செய்திருக்கின்றன. ஆசிரியர் கை ஒன்று, பிரதியாளர் கை இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நிறம் போடக்கூடாது.

கடலோரம் (செவ்வாய், இரவு 10.20)

இரண்டு நாளாக லூக்கா 1:1-4 மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். “திட்டமாய் விசாரித்து” என்று இருக்கிறது. நான் எப்போதும் அதைத் தாண்டி நேராக சகரியாவுக்குப் போய்விடுவேன். விசாரிப்பதும் ஆவியானவர் ஏவிய வேலைதான் என்று எடுத்துக்கொண்டால் எனக்குத் தடையில்லை. டீச்சர், எங்களைப் போன்றவர்கள் எந்தப் பகுதியிலிருந்து தொடங்கலாம்?

மறைக்கல்வி டீச்சர் (புதன், காலை 6.05)

கடுகு விதை உவமை, தம்பி. மத்தேயு 13, மாற்கு 4, லூக்கா 13. மூன்றும் சேர்ந்து ஏழு வசனம்தான். இரண்டு வேதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை (சனி, இரவு 9.40)

இன்று மாடியில் கடுகு விதைதான். கடலோரம் சகோவும் போனில் சேர்ந்துகொண்டார்.

மாற்குக்கு மட்டும் உரியதற்கு நீலம், லூக்காவுக்கு உரியதற்குச் சிவப்பு என்று வைத்தோம். மாற்கில் விதை எல்லா விதையிலும் சிறியது, வளர்ந்து பூண்டுகளில் பெரிதாகிறது, பெரிய கிளை விடுகிறது, பறவைகள் நிழலில் வந்தடைகின்றன. மரம் என்ற சொல்லே இல்லை. லூக்காவில் ஒரு மனுஷன் அதை எடுத்துத் தோட்டத்தில் போடுகிறான், அது மரமாகிறது, பறவைகள் கிளைகளில் அடைகின்றன. சிறியது, பெரியது என்ற பேச்சே இல்லை.

மத்தேயுவின் பத்தியில்தான் ஆச்சரியம். ஒரு மனுஷன் எடுத்து நிலத்தில் விதைக்கிறான்: சிவப்பு. எல்லா விதையிலும் சிறியது, பூண்டுகளில் பெரியது: நீலம். உடனே மரமாகும், பறவைகள் கிளைகளில் அடையும்: மறுபடி சிவப்பு. பூண்டும் மரமும் ஒரே வாக்கியத்தில்! கூட்டத்தில் ஒரு பாட்டி, “இரண்டு ஏட்டையும் மடியில வச்சு எழுதியிருக்கார்” என்றார்.

கொய்னே (சனி, இரவு 10.10)

பாட்டி சொன்னதுதான் கியூ வாதத்தின் நடு நரம்பு. தேரிக்காடு தம்பி சொல்கிறபடி லூக்கா மத்தேயுவைப் பார்த்து எழுதியிருந்தால், மாற்கிலிருந்து வந்த நீலச் சொற்களை எல்லாம் கவனமாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

தேரிக்காடு (சனி, இரவு 10.35)

லூக்கா கதையைச் சுருக்கமாகச் சொல்ல நினைத்திருந்தால் சிறியது, பெரியது என்ற பகுதிதானே முதலில் போகும்? ஆனால் இந்த இடம் எனக்குச் சிரமமானது என்று ஒத்துக்கொள்கிறேன், அண்ணா. உங்களுக்கு “உன்னை அடித்தவன் யார்” இருப்பதுபோல.

வைகைக்கரை, அடுத்த சனிக்கிழமைக்கு பெயெல்செபூல் பகுதியை எடுங்கள். மத்தேயு 12, மாற்கு 3, லூக்கா 11. விரலும் ஆவியும் அங்கேதான் இருக்கின்றன. கொஞ்சம் நீளம், பெரிய சார்ட் பேப்பராக வாங்கி வையுங்கள். நானும் போனில் வருகிறேன்.